ஸ்லிப்பர் ஆர்க்கிட்: புதுக் கன்று கலவைக்கு மேலே நிற்கிறது, இப்போது தொட்டி மாற்றலாமா?

நிழல்வலை

வணக்கம். ஸ்லிப்பர் ஆர்க்கிட்டில் மாடியே வகை பாஃபியோபெடிலம் ஒன்று வளர்க்கிறேன். இலையில் கரும்பச்சையும் வெளிர்பச்சையும் கட்டங்கட்டமாக இருக்கும், பூ பச்சையும் வெள்ளையும். போன பருவத்துப் பூ உதிர்ந்ததும் பக்கத்தில் புதுக் கன்று வந்தது. கன்று நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் அடி, கலவைக்கு மேலே ஒரு விரல் உயரத்தில் நிற்கிறது. அதிலிருந்து இரண்டு வேர் எட்டிப் பார்த்து, அரை சென்டிமீட்டர்கூட வளராமல் நுனி காய்ந்து நின்றுவிட்டது. தாய்க் கன்றின் இலைகள் துவண்டிருக்கின்றன. செடியைத் தொட்டால் ஆடுகிறது. கலவையைக் கிள்ளிப் பார்த்தால் மரப்பட்டைத் துண்டு விரலிடுக்கில் பொடியாகிறது. தண்ணீரைக் கூட்டினாலும் இலை நிமிரவில்லை.

இப்போதே தொட்டி மாற்றலாமா, கன்று பெரிதாகும்வரை விட்டுவைக்கலாமா? ஆர்க்கிட்டைத் தொந்தரவு செய்யக்கூடாது என்றுதான் எங்கு பார்த்தாலும் படிக்கிறேன்.

வேர்க்கட்டு

காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே மாற்றிவிடுங்கள். ‘தொந்தரவு செய்யாதே’ என்பது மற்ற சில ஆர்க்கிட்டுகளுக்குப் பொருந்தும். பாஃபுக்கு, அதாவது பாஃபியோபெடிலத்துக்குப் பொருந்தாது. இதற்கு ஆண்டுக்கு ஒருமுறை, மிஞ்சிப்போனால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுக் கலவை கிடைத்தாக வேண்டும்.

காரணம் செடியின் அமைப்பிலேயே இருக்கிறது. கேட்லியா, டென்ட்ரோபியம் போன்ற ஆர்க்கிட்டுகளுக்குத் தண்ணீரைச் சேர்த்துவைக்கப் பருத்த தண்டு உண்டு. பாஃபுக்கு அது கிடையாது. இலையும் வேரும்தான் அதன் கையிருப்பு. அதோடு, ஒரு கன்று ஒரே ஒருமுறைதான் பூக்கும். பூத்து முடித்ததும் பக்கத்தில் அடுத்த கன்று கிளம்பும். அந்தக் கன்று தாயின் வேரை நம்பிக் கொஞ்ச காலம் ஓட்டும், அப்புறம் தன் அடியிலிருந்து சொந்த வேர் விட்டாக வேண்டும். ஆனால் ஒவ்வொரு கன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் மேலே தள்ளித்தான் உட்காரும். பழைய மரப்பட்டையோ மக்கிச் சுருங்கிக் கீழே இறங்கும். நீங்கள் சொல்லும் அந்த ஒரு விரல் இடைவெளி இப்படி வந்ததுதான்.

ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட்டின் வேர் காற்றில் தொங்கியே வாழும். பாஃப் வேர் அப்படியில்லை. இந்த இனத்தில் பெரும்பாலானவை காட்டுத் தரையில், மக்கிய சருகிலும் பாசி படர்ந்த பாறை இடுக்கிலும் வளர்பவை. வேர் நுனி வெளியே வந்ததும் ஈரமான ஏதாவது ஒன்றைத் தொட வேண்டும், இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும். உங்கள் கன்றில் நின்றுபோன இரண்டு வேரும் அதைத்தான் காட்டுகின்றன. இன்னும் ஒரு பருவம் விட்டுவைத்தால் தாயின் வேரும் போய், கன்றுக்கும் வேரில்லாமல் ஆகிவிடும்.

ஆகவே புதுக் கலவை, அளவான தொட்டி, கன்றின் அடி கலவைக்குள் ஒரு சென்டிமீட்டர். இந்த மூன்றும் சரியாக அமைந்தால் போதும்.

ஈரக்காற்று

வேர்க்கட்டு அண்ணா சொல்வதில் பெரும்பகுதியை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடியைப் புதைக்கச் சொல்வதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. புதைத்த செடி அடியோடு அழுகிப் போனதை நண்பர் வீட்டில் பார்த்திருக்கிறேன். இலை ஒவ்வொன்றாக மஞ்சளாகி, இழுத்தால் கையோடு வந்துவிட்டது. கலவைக்குச் சரிமட்டத்தில் வைத்து, மேலே கொஞ்சம் ஸ்பாக்னம் பாசியைச் சுற்றினால் போதாதா?

வேர்க்கட்டு

பயம் நியாயமானதுதான். ஆனால் எதைப் புதைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வேர் கிளம்பும் இடம், அதாவது கடைசி இலையின் அடிக்குக் கீழே உள்ள குட்டையான தண்டு, அது மட்டும் உள்ளே போனால் போதும். இலைகள் விசிறிபோல் பிரியும் இடுக்கில் கலவை ஏறக்கூடாது. ஒரு சென்டிமீட்டர் என்று சொன்னதும் அதற்காகத்தான். மூன்று, நான்கு சென்டிமீட்டர் இறக்கினால் நீங்கள் பார்த்த மாதிரிதான் ஆகும்.

இன்னொன்று, அழுகல் ஆழத்தால் மட்டும் வருவதில்லை. மக்கிக் குழைந்த கலவையில் காற்று ஓட வழியில்லை. அதில் மேலாக வைத்த செடியும் அழுகும். புதுப் பட்டைக்கு நடுவே நிறைய இடைவெளி இருக்கும், தண்ணீர் வடியும், ஈரக் காற்று நிற்கும். அதில் ஒரு சென்டிமீட்டர் உள்ளே இருப்பது ஆபத்தில்லை.

பாசி சுற்றும் யோசனையும் மோசமில்லை. நடுவில் தொட்டி மாற்ற முடியாதபோது, செடி மொட்டோடு நிற்கும்போது, அதைச் செய்து ஒப்பேற்றலாம். ஆனால் பாசி மேலே நனைந்தே இருந்து, கீழே கலவை எந்த நிலையில் இருக்கிறது என்பதை மறைத்துவிடும். நிழல்வலையின் செடிக்குக் கீழேதான் கோளாறு.

மகரந்தி

கலவை பற்றி என் பங்குக்கு. நான் வைப்பது நடுத்தர மரப்பட்டை ஐந்து பங்கு, பெர்லைட் (பொரிபோன்ற வெள்ளைக் கல்) ஒரு பங்கு, மரக்கரித் துண்டு ஒரு பங்கு. பட்டை ஒரு சென்டிமீட்டரை ஒட்டிய அளவில் இருக்கட்டும். சின்னக் கன்றுகளுக்கு அதில் பாதி. இதுதான் சரியான விகிதம் என்று சொல்லமாட்டேன். நீங்கள் அடிக்கடி தண்ணீர் ஊற்றுபவர் என்றால் பட்டை பெரிதாக இருக்கட்டும், மறந்துவிடுபவர் என்றால் சிறிதாக்கிக் கொஞ்சம் பாசி சேருங்கள். தண்ணீர் ஊற்றும் கைக்குத் தகுந்தபடிதான் கலவை.

புதுப் பட்டையை முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப்போடுங்கள். உலர்ந்த பட்டையில் தண்ணீர் ஒட்டாமல் வழிந்தோடிவிடும். மேலே நனைந்த மாதிரி தெரியும், உள்ளே வேர் வறண்டே கிடக்கும். தொட்டி மாற்றியபின் செடி சோர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம், யாரும் கவனிப்பதில்லை.

தேங்காய் மட்டைத் துண்டு பயன்படுத்துபவர்கள் உண்டு. பட்டையைவிட மெதுவாக மக்கும், ஈரத்தையும் சீராகப் பிடிக்கும். ஆனால் அதில் உப்பு இருக்கும். ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி ஊறவைத்து, பலமுறை அலசின பிறகே கைவைக்க வேண்டும்.

நிழல்வலை

நன்றி. பட்டை ஊறிக்கொண்டிருக்கிறது. வேரை எப்படிக் கையாள்வது? எது உயிரோடு இருக்கிறது, எது செத்தது என்று எப்படித் தெரியும்? ஃபெலனாப்சிஸில் பச்சையும் வெள்ளியுமாகத் தெரிந்துவிடும். பாஃப் வேர் எல்லாமே பழுப்பாக இருக்குமாமே.

வேர்க்கட்டு

ஆமாம், நிறத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். நல்ல பாஃப் வேர் பழுப்பாக, மேலெல்லாம் மெல்லிய ரோமத்தோடு இருக்கும். முதல்முறை பார்ப்பவர்கள் பூஞ்சணம் என்று நினைத்துக் கழுவித் தேய்த்துவிடுகிறார்கள். தேய்க்காதீர்கள், அந்த ரோமம்தான் ஈரத்தை உறிஞ்சுவது. வளரும் வேராக இருந்தால் நுனி மட்டும் வெளிறி, பளபளவென்று இருக்கும்.

செய்முறை இதுதான். தொட்டியைக் கவிழ்த்து, செடியின் அடியைக் கையில் தாங்கி, பக்கங்களை அமுக்குங்கள். செடியைப் பிடித்து இழுக்க வேண்டாம். வேர் தொட்டிச் சுவரில் ஒட்டியிருந்தால் அரை மணி நேரம் தண்ணீரில் வையுங்கள், தானாக விடும். பழைய கலவை தானாக உதிர்வது உதிரட்டும், வேரோடு ஒட்டியிருக்கும் ஒன்றிரண்டு பட்டைத் துண்டை அப்படியே விட்டுவிடலாம். பாஃபுக்கு வேர் எண்ணிக்கை குறைவு, அதிகம் கிளைக்கவும் செய்யாது, முறுக்கென்று ஒடியும். அதனால் ஒவ்வொரு வேரும் முக்கியம்.

பிறகு ஒவ்வொரு வேரையும் இரண்டு விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிரோடு இருக்கிறது, எவ்வளவு அசிங்கமாகத் தெரிந்தாலும் சரி. விரலுக்குள் நசுங்கி, மேலுறை வழுக்கிக்கொண்டு உருவி வந்து, நடுவில் நூல் மாதிரி ஒன்று மட்டும் மிஞ்சினால் அது செத்த வேர், வெட்டலாம். பாதி கெட்டி, பாதி கூழ் என்றால் கெட்டி முடியும் இடத்தில் வெட்டுங்கள்.

கத்தரியைத் தீயில் காட்டி ஆறவிட்டு வெட்டுங்கள், அல்லது ஒரு செடிக்கு ஒரு புது பிளேடு. வைரஸ் ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குப் போவது பெரும்பாலும் நம் வெட்டுக் கருவி வழியாகத்தான். ஒருமுறை தொற்றினால் மருந்து கிடையாது.

இலவங்கப்பட்டைத் தூள் தூவச் சொல்வார்கள். இலையிலோ தண்டிலோ வெட்டுக்காயம் இருந்தால் அங்கே தொட்டு வைக்கலாம். வேரில் படவிடாதீர்கள், நல்ல வேரையும் உலர்த்திவிடும்.

நிழல்வலை

முடித்துவிட்டேன், ஆனால் பார்த்தது கவலையாக இருக்கிறது. தொட்டியின் அடிப்பாதி கலவை கறுப்புச் சேறாக இருந்தது, புளித்த வாடை. நடுவில் ஒரு சின்னக் கூடையில் பழைய பாசி கெட்டியாக அமுங்கிக் கிடந்தது. நாற்றாக இருந்தபோது வைத்தது போலிருக்கிறது, விற்றவர் அதை எடுக்காமலே வெளியே பட்டையை நிரப்பியிருக்கிறார். வேரில் பாதிக்கு மேல் நூலாக உருவி வந்துவிட்டது. தாய்க் கன்றில் கெட்டியான வேர் மூன்று மிச்சம், அதில் ஒன்று விரல் நீளம்தான். புதுக் கன்றின் அடியில், காய்ந்த அந்த இரண்டு வேருக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொரு புடைப்பு தெரிகிறது.

பழைய தொட்டிக்கு இப்போது வேர் போதவில்லை. அதே தொட்டியில் வைக்கலாமா?

வேர்க்கட்டு

அந்தக் கூடையை எடுத்ததே பாதி வைத்தியம். வாங்கும் செடிகளில் இது அடிக்கடி இருக்கும். அதனால் எந்த பாஃப் வாங்கினாலும் பூ முடிந்ததும் ஒருமுறை வெளியே எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

மூன்று வேரும் ஒரு புடைப்பும் இருந்தால் செடி பிழைக்கும். கவலை வேண்டாம். ஆனால் அதே தொட்டி வேண்டாம், சின்னத் தொட்டிக்கு இறக்குங்கள். இலை எவ்வளவு அகலம் என்பதைப் பார்த்துத் தொட்டி எடுக்காதீர்கள், வேரைப் பார்த்து எடுங்கள். வேர்க்கட்டைச் சுற்றி ஒரு விரல் அகலம் இடம் இருந்தால் போதும். தொட்டி பெரிதானால் நடுவில் இருக்கும் கலவை உலராது, மறுபடி அதே சேறு.

நடும்போது: தொட்டி அடியில் கொஞ்சம் கலவை, அதன்மேல் செடி. பழைய கன்று தொட்டி ஓரத்தை ஒட்டியும், புதுக் கன்று நடுவைப் பார்த்தும் இருக்கட்டும், வளரும் பக்கம் அதற்கு இடம் வேண்டும். வேர்களுக்கு நடுவே கலவையை விட்டு, தொட்டியின் பக்கத்தைத் தட்டித் தட்டி இறக்குங்கள். விரலால் குத்தி அமுக்கினால் வேர் ஒடியும். கடைசியில் புடைப்பு தெரியும் இடத்துக்குமேல் ஒரு சென்டிமீட்டர் கலவை.

இப்போது இலையைப் பிடித்து லேசாக அசைத்துப் பாருங்கள். ஆடினால் விடாதீர்கள். ஒரு குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள், அல்லது தொட்டி விளிம்பிலிருந்து குறுக்கே ஒரு கம்பி வையுங்கள். வேரில்லாத செடி ஆடும்போதெல்லாம் புது வேரின் நுனி பட்டையில் உரசி நின்றுவிடும். கலவை, உரம், வெளிச்சம் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு இதில் கோட்டை விடுபவர்கள் நிறையப் பேர்.

ஈரக்காற்று

கன்றையும் தாயையும் பிரித்து இரண்டு செடியாக்கிவிடலாம் என்று யாராவது சொல்வதற்குள் நான் முந்திக்கொள்கிறேன்: பிரிக்காதீர்கள் நிழல்வலை. தாய்க் கன்று பூத்து முடித்ததுதான், இனிப் பூக்காது, ஆனால் அதன் இலைதான் இப்போது புதுக் கன்றுக்குச் சாப்பாடு போடுகிறது. பிரித்தால் ஒன்றுமே மிஞ்சாது.

பொதுவாகவும் ஒரு பிரிவுக்கு இரண்டு, மூன்று கன்றாவது சொந்த வேரோடு இருக்க வேண்டும். பிரிக்காமல் விட்ட கொத்தில் ஒரே நேரத்தில் நான்கைந்து பூ நிற்பதைப் பார்த்துவிட்டால் அப்புறம் கத்தி எடுக்க மனசு வராது. தொட்டி மாற்றும்போது தானாகக் கழன்று வருவதை மட்டும் தனியாக நடுவது என் வழக்கம்.

கொடிப்பந்தல்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது இன்னொரு ஸ்லிப்பர் ஆர்க்கிட்டான ஃப்ராக்மிபெடியம் (சுருக்கமாக ஃப்ராக்), அதில் பெஸ்ஸியே என்ற இனத்தின் கலப்பு. பாஃபுக்குச் சொல்வதெல்லாம் இதற்கும் பொருந்துமா? என் செடியும் கன்றுக்குக் கன்று மேலே ஏறிக்கொண்டே போகிறது.

மகரந்தி

பாதி பொருந்தும். இரண்டும் ஒரே துணைக்குடும்பம். ஆனால் பாஃப் ஆசியாவைச் சேர்ந்தது, ஃப்ராக் நடு அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் வளர்வது. பெஸ்ஸியே ஆண்டீஸ் மலைச் சரிவில் தண்ணீர் கசியும் பாறையில் இருப்பது. 1981இல்தான் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. அதன் பூவின் பளிச்சென்ற சிவப்பு அதற்குமுன் ஸ்லிப்பர் ஆர்க்கிட் எதிலும் இல்லை, இன்றைக்கு இருக்கும் சிவப்பு ஃப்ராக் கலப்புகளில் பெரும்பாலானவை அதன் வழி வந்தவை.

ஆக, ஃப்ராகுக்குத் தண்ணீர் கூடுதலாக வேண்டும். தட்டில் இரண்டு சென்டிமீட்டர் தண்ணீர் விட்டு அதில் தொட்டியை நிறுத்தி வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பாஃபை அப்படி நிறுத்தினால் வேர் போய்விடும். ஆனால் தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும். உப்புத் தண்ணீர் என்றால் ஃப்ராக் இலை நுனி சீக்கிரமே கருகிவிடும். மழைநீரோ வடிகட்டிய நீரோ நல்லது.

ஏறிக்கொண்டே போவது பெஸ்ஸியே ரத்தம். கன்றுக்கும் கன்றுக்கும் நடுவே நீளமான தண்டு விடும். தொட்டி மாற்றும்போது செடியைச் சாய்த்துவைத்து, புதுக் கன்றின் அடி கலவையைத் தொடும்படி நடுங்கள். அவசரம் என்றால் அந்த அடியில் ஈரப் பாசி சுற்றலாம், ஃப்ராகுக்கு அது நன்றாகவே ஒத்துவரும்.

கல்பாசி

சுண்ணாம்பு பற்றி யாரும் பேசவில்லையே. முட்டை ஓடு, கிளிஞ்சல் எல்லாம் பாஃபுக்குப் போட வேண்டும் என்று கேள்விப்பட்டேன். எல்லா பாஃபும் சுண்ணாம்புப் பாறையில்தான் வளர்கின்றனவா?

வேர்க்கட்டு

எல்லாம் இல்லை. பெலட்டுலம், நிவியம், கான்கலர், மைக்ரான்தம், மாலிபோயென்ஸே போன்றவை சுண்ணாம்புப் பாறையில் வளர்பவை. இவற்றுக்கு நொறுக்கிய கிளிஞ்சலோ டோலமைட் என்ற சுண்ணாம்புக் கல்லோ கலவையில் கொஞ்சம் சேர்ப்பது உதவும். அதே சமயம் இளஞ்சிவப்புப் பூ பூக்கும் டெலனாட்டியை அமிலத்தன்மையுள்ள கிரானைட் நிலத்துச் செடி. அதற்குச் சுண்ணாம்பு போட்டால் நன்மை இல்லை. ரோத்ஸ்சைல்டியானம் போர்னியோவின் கினபாலு மலையில், உலோகச் சத்து மிகுந்த வேறு வகைப் பாறையில் வளர்கிறது.

நிழல்வலையிடம் இருக்கும் மாடியே, கல்லோசமும் லாரன்சியானமும் சேர்ந்த கலப்பு, 1900இல் பதிவானது. இத்தனை காலம் வீடுகளில் நிலைத்து நிற்கிறதென்றால் அதன் பொறுமைதான் காரணம். இதற்குத் தனியாகச் சுண்ணாம்பு வேண்டாம். குழாய்த் தண்ணீர் ஏற்கெனவே கடினமாக இருந்தால் எதற்குமே வேண்டாம்.

முட்டை ஓடு போட்டால் கெடுதல் இல்லை, ஆனால் கரைய வெகுகாலம் ஆகும். உள்ளே ஒட்டியிருக்கும் சவ்வை எடுக்காமல் போட்டால் பூச்சி வரும்.

கல்பாசி

காட்டிலிருந்து எடுத்த செடி என்று சொல்லி விற்பதையும் பார்க்கிறேன். வாங்கலாமா? விதையில் வளர்த்ததைவிட அது வலுவாக இருக்குமாம்.

மகரந்தி

வாங்காதீர்கள். பாஃபியோபெடிலம், ஃப்ராக்மிபெடியம் இரண்டு பேரினமும் முழுமையாக, அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கின்றன. காட்டுச் செடியை நாடு கடத்தி வணிகம் செய்ய அனுமதியே இல்லை. தென்னிந்திய மலைகளுக்கே உரிய ஒரே பாஃப் ட்ரூரியை. மஞ்சள் இதழில் நடுவே கரும்பழுப்புக் கோடு ஓடும் பூ. ஆட்கள் தோண்டித் தோண்டியே அகத்தியமலைப் பகுதியில் அதை அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நினைத்தாலே வயிறு எரிகிறது.

வலுவாக இருக்கும் என்பதும் பொய். பிடுங்கிய செடி பாறை இடுக்கில் பாதி வேரை விட்டுவிட்டுத்தான் வருகிறது. பாஃபைத் திசு வளர்ப்பில் பெருக்குவது கடினம், அதனால் கடைக்கு வரும் நல்ல செடிகள் பெரும்பாலும் விதையிலிருந்து வந்தவை. இதில் ஒரு சந்தோஷமும் உண்டு. ஒரே பெற்றோரின் பிள்ளைகளிலும் ஒவ்வொரு செடியின் பூவும் கொஞ்சம் வேறாக இருக்கும்.

நிழல்வலை

நட்டுவிட்டேன். குச்சி கட்டி அசையாமல் நிற்கிறது. இனித் தண்ணீரும் வெளிச்சமும் எப்படி? உரம் எப்போது?

ஈரக்காற்று

முதல் சில வாரம் நிழல் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும், காற்றில் ஈரம் இருக்கட்டும். வேர் மிகக் குறைவு என்பதால் செடியைத் தொட்டியோடு ஒரு பெரிய தெளிவான பிளாஸ்டிக் பைக்குள் தளர்வாக வைக்கலாம். பையின் வாயை இறுக்கிக் கட்டாதீர்கள். நேர்வெயில் படும் இடத்தில் பையை வைத்தால் உள்ளே வெந்துவிடும்.

தண்ணீர் காலையில் ஊற்றுங்கள். குருத்துக்குள் தண்ணீர் தேங்கினால் ஒரு காகித நுனியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். இரவு முழுக்கக் குருத்தில் தண்ணீர் நின்றால்தான் பாக்டீரியா அழுகல் வருகிறது. இலையில் பழுப்பு நிறத்தில் தண்ணீர் கோத்த மாதிரி ஒரு புள்ளி, சீக்கிரம் பரவும். பார்த்த உடனே நல்ல பகுதியையும் கொஞ்சம் சேர்த்து வெட்டிவிட்டுத் தனியாக வையுங்கள்.

கலவை முழுதும் உலரும்வரை காத்திருக்காதீர்கள். மேல்பரப்பு உலர்ந்து, தொட்டியைத் தூக்கிப் பார்த்தால் கனம் குறைந்திருக்கும். உள்ளே விரல் விட்டால் சில்லென்று இருக்க வேண்டும். அப்போது அடியில் வடியும்வரை ஊற்றுங்கள்.

வேர்க்கட்டு

வெளிச்சத்துக்கு இலைதான் அளவுகோல். மாடியே போன்ற கட்டமிட்ட இலை வகைகளுக்குப் பத்தாயிரம் லக்ஸை (வெளிச்ச அளவு) ஒட்டி இருந்தால் போதும். காலை வெயில் லேசாகப் படும் சன்னலோரம் சரி. இலை மஞ்சள் பூத்தால் வெளிச்சம் அதிகம், கரும்பச்சையாகி நீண்டு சரிந்தால் குறைவு. வெப்பம் பகலில் 21 முதல் 29 டிகிரி, இரவில் 16க்குக் குறையாமல் இருந்தால் சுகமாக இருக்கும். இன்சிக்னே மாதிரி வெறும் பச்சை இலை வகைகள் சில, இரவுக் குளிர் கிடைத்தால்தான் மொட்டு வைக்கும். வார் போல நீண்ட இலையோடு ஒரு தண்டில் பல பூ பூக்கும் ரோத்ஸ்சைல்டியானம் கூட்டத்துக்கு வெளிச்சம் இன்னும் வேண்டும். அவற்றுக்குப் பொறுமையும் வேண்டும், விதையிலிருந்து பூவுக்குப் பத்தாண்டுக்கு மேலும் ஆகலாம்.

உரம் இப்போது வேண்டாம். வேரில்லாத செடிக்கு உரம் உப்புதான். புதுக் கன்றில் நடு இலை நீள ஆரம்பித்தால் கீழே வேர் ஓடுகிறது என்று அர்த்தம். அப்போது பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவில் கால் பங்கு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. மாதம் ஒருமுறை வெறும் தண்ணீரைத் தாராளமாக விட்டுத் தேங்கிய உப்பை அலசிவிடுங்கள். இலை நுனி கருகினால் முதலில் உரத்தைக் குறையுங்கள்.

துவண்ட பழைய இலை பழையபடி நிமிரும் என்று எதிர்பார்க்காதீர்கள். மடிப்பு விழுந்தது விழுந்ததுதான், ஆனாலும் பச்சையாக இருக்கும்வரை வெட்ட வேண்டாம். புது இலை கெட்டியாக வருகிறதா என்று மட்டும் பாருங்கள். வேர் பிடித்ததா என்று தெரிந்துகொள்ள ஆசையில் செடியைத் தூக்கிப் பார்ப்பவர்கள் உண்டு, அது மட்டும் கூடாது.

கொடிப்பந்தல்

தெளிவான பிளாஸ்டிக் தொட்டியில் நட்டால் தூக்காமலே பார்க்கலாமே? என் ஃப்ராக் அப்படித்தான் இருக்கிறது. பக்கவாட்டில் வேர் ஓடுவதும், உள்ளே ஈரம் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதும் தெரிகிறது.

வேர்க்கட்டு

நல்ல வழி. பாஃபுக்கும் செய்யலாம். வெளிச்சம் பட்டால் சுவரில் பச்சைப் பாசி பிடிக்கும், அதனால் அந்தத் தொட்டியை வெளிச்சம் புகாத இன்னொரு தொட்டிக்குள் இறக்கிவைத்து, பார்க்க வேண்டியபோது மட்டும் வெளியே எடுங்கள். வெளித்தொட்டியின் அடியில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள்.

நிழல்வலை

சின்னத் தெளிவான தொட்டி ஒன்று இருக்கிறது, ஆனால் இப்போதே மறுபடி எடுத்து நட மனமில்லை. இந்தக் கன்று பூத்து முடியட்டும், அடுத்த மாற்றத்தில் அதற்கு மாற்றிவிடுகிறேன். இலை இடுக்கில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒன்று தெரிந்தது, மாவுப்பூச்சியா என்று பார்த்தால் பெர்லைட் தூள்தான். துடைத்துவிட்டேன்.

மகரந்தி

துடைத்தது நல்லதுதான். ஆனால் அந்த இடுக்குகளை வாரம் ஒருமுறை பாருங்கள், பலவீனமான செடியில் மாவுப்பூச்சி ஒளிவது அங்கேதான். நிஜமாகவே இருந்தால் பஞ்சில் ஆல்கஹால் தொட்டு ஒவ்வொன்றாக ஒற்றி எடுங்கள். ஒரு வாரம் விட்டு மறுபடி ஒருமுறை, ஏனென்றால் முட்டைகள் முதல் தடவையில் போகாது.